60 ரூபாய் அப்படியே இருக்கிறது, 30 கிராம் எங்கே?

போன வாரம் மும்பையிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது வழக்கம்போல, "அண்ணே, அந்தக் கடை மிக்சர் நாலு பாக்கெட் வாங்கிக் கொடு" என்றாள். வாங்கி வந்தேன். கையில் எடுத்துப் பார்த்தவள், "என்ன, பாக்கெட்டுக்குள்ள காத்துதான் இருக்கு?" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் 34 வருஷம் வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு அது உறுத்தியது. சமையலறையில் மருமகள் வாங்கி வைத்திருக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் ஒரு பாக்கெட்டை வைத்தேன். கவரோடு 174 கிராம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தேன். நிகர எடை 170 கிராம் என்றுதான் அச்சடித்திருந்தார்கள். பொய் இல்லை. ஆனால் இதே பாக்கெட், இதே மஞ்சள் நிறம், இதே 60 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு முன் 200 கிராம். நடுவில் ஒருமுறை 180 ஆகியிருக்கிறது. பழைய கவர் ஒன்றை என் மனைவி மிளகாய் வற்றல் போட்டு வைத்திருந்தாள், அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கடை என்பது போதும். இன்று பத்துக்கு மேல் கிளைகள். பைபாஸில் ஏ.சி. போட்ட பெரிய கடை, பேருந்து நிலையங்களில் சின்னக் கடைகள். பெயர் எழுதாததற்குக் காரணம், இது அந்த ஒரு கடையின் தப்பு மட்டுமில்லை என்பது. இன்னொன்று, அந்தக் கடைக்கு முதன்முதலில் கடன் கொடுத்தவன் நான்.

1987 என்று நினைவு. அப்போது நான் வங்கியில் ஃபீல்டு ஆபீசர். பெரியவர் ஒரு சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தில் சேவும் மிக்சரும் போட்டுக்கொண்டிருந்தார். மாவு அரைக்கும் மெஷினுக்கும் இரண்டு பெரிய வாணலிக்கும் 25,000 ரூபாய் கேட்டு வந்தார். நான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். சாயங்காலம் ஆறு மணி. அடுப்பை அணைத்துவிட்டு வாணலியில் மிச்சமிருந்த எண்ணெயைத் தனி டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தார். "இது என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "சோப்புக்காரருக்குப் போயிரும் சார்வாள். கறுத்த எண்ணெயில மறுநாள் சேவு போட்டா நாக்கு காட்டிக் கொடுத்திரும். ஒருநாள் எண்ணெயை மிச்சம் புடிக்கப் போயி ஒரு வருஷ வியாபாரத்தை விட முடியுமா?" என்றார்.

கல்லாவுக்கு மேலே ஆணியில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில்தான் அன்றன்றைக்கு விலை. ஒருமுறை கடலை மாவு விலை ஏறியபோது அதில் எழுதியிருந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது: "மாவு விலை ஏறிவிட்டது. இன்று முதல் கிலோவுக்கு 2 ரூபாய் கூடுதல்." அவ்வளவுதான். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் வாங்காமல் திரும்பினார்கள். மூன்றாம் நாள் அந்த இரண்டு பேரும் க்யூவில் நின்றார்கள். ஒருநாளும் பெரியவர் எடையில் கை வைக்கவில்லை. தராசு முள் நின்ற பிறகு ஒரு கை அள்ளிப் போடுவார். அதற்குப் பெயர் கொசுறு. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது.

பெரியவர் காலமாகிவிட்டார். இப்போது மகன் நடத்துகிறார். கெட்டிக்காரர், எம்.பி.ஏ. படித்தவர். சின்ன வயதில் என் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்த பையன். அதனால் உரிமையோடு நேரே போய்க் கேட்டேன்.

"தம்பி, 200 எப்படிப்பா 170 ஆச்சு?"

"மேனேஜர் சார், நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? எண்ணெய்க்கு வரியை ஏத்திட்டாங்க. சம்பளம், வாடகை, கேஸ் எல்லாம் ஏறிப் போச்சு. விலையை ஏத்தினா கஸ்டமர் ஓடிருவான். கிராமைக் குறைச்சா யாரும் கவனிக்க மாட்டான். எல்லாக் கம்பெனியும் இதைத்தான் சார் பண்ணுது."

டீயும் பாதுஷாவும் வரவழைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பதிலில் உள்ள ஒவ்வொரு வரியையும் வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய் வரி. 2024 செப்டம்பரில் மத்திய அரசு இறக்குமதி சமையல் எண்ணெய்க்கு வரியை ஏற்றியது உண்மை. சுத்திகரிக்காத பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படைச் சுங்க வரி இல்லாமல் இருந்தது, 20 சதவீதம் ஆனது. அந்தத் தீபாவளிக்கு எல்லாப் பலகாரக் கடைக்காரருக்கும் கை சுட்டது. மறுக்கவில்லை. 200 கிராம் 180 ஆனது அப்போதுதான்.

ஆனால் 2025 மே மாத முடிவில் அதே வரியை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். 180 மறுபடி 190 ஆனதா? இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் அடைத்த மிக்சர், சேவு, முறுக்கு வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 ரூபாயில் 12 சதவீத வரி போனால் சரக்கின் விலை 53 ரூபாய் 57 காசு. அதன்மேல் 5 சதவீதம் போட்டால் 56 ரூபாய் 25 காசு. ஒரு பாக்கெட்டுக்கு 3 ரூபாய் 75 காசு நமக்கு வந்திருக்க வேண்டும். காசாகக் கொடுக்கச் சில்லறை இல்லையென்றால், அதே 60 ரூபாய்க்கு 180 கிராமை 192 கிராமாக ஆக்கியிருக்கலாம். நடந்தது என்ன? இந்தப் பொங்கலுக்குப் பிறகு அது 170 ஆனது!

வரி ஏறினால் கிராம் இறங்குகிறது. வரி இறங்கினால் கிராமுக்குக் காது கேட்பதில்லை. இது என்ன நியாயம்?

இதில் இன்னொரு சங்கதி. வரி ஏறியது இறக்குமதி எண்ணெய்க்கு. பெரியவர் போட்டது கடலெண்ணெய். அது நம் நாட்டிலேயே விளைந்து, நம் நாட்டிலேயே ஆட்டுவது. அப்படியானால் மகனுக்கு எந்த எண்ணெயின் வரி சுட்டது? பாக்கெட்டைத் திருப்பினேன். சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில் அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். கடலை மாவுக்கு அடுத்தே நிற்கிறது: பாமோலின்.

பாமாயிலை நான் பழிக்கவில்லை. ரேஷனில் வாங்கி நாமும்தான் வடை சுடுகிறோம். பொரிப்பதற்கு நன்றாகவே தாங்கும் எண்ணெய் அது. என் கேள்வி வேறு. கடை வாசலில் பெரியவர் படத்தைப் போட்டு "அப்பா காலத்துச் சுவை" என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அப்பா காலத்து எண்ணெய் எப்போது போனது, யாரிடம் சொல்லிவிட்டுப் போனது? பாமாயிலில் போட்டால் பாமாயில் என்று பலகையில் எழுது. விருப்பமுள்ளவன் வாங்குவான். படத்தைக் காட்டிப் பழைய விலையின் மேல் புது விலை வாங்காதே.

இரண்டாவது, "விலையை ஏத்தினா கஸ்டமர் ஓடிருவான்." இதைத்தான் நான் முக்கியமாக எதிர்க்கிறேன். 200 கிராம் 60 ரூபாய் என்றால் கிலோ 300. 170 கிராம் 60 ரூபாய் என்றால் கிலோ 353. ஏறக்குறைய 18 சதவீதம் விலை ஏற்றம். இப்போது பெரியவர் வழியில் யோசியுங்கள். 200 கிராம் அப்படியே, விலை 70 ரூபாய் என்று சிலேட்டில் எழுதியிருந்தால் கிலோ 350. அதாவது மகனுக்குக் கிடைக்கும் காசு கிட்டத்தட்ட அதேதான். கிலோவுக்கு மூன்று ரூபாய்தான் வித்தியாசம். அந்த மூன்று ரூபாய்க்காகவா வாடிக்கையாளன் முகத்தை நேரே பார்க்க முடியாத நிலைமையை வரவழைத்துக்கொள்வது?

காசு அதேதான் என்னும்போது ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்? அவரே சொல்லிவிட்டார்: "யாரும் கவனிக்க மாட்டான்." விலை ஏற்றுவது வியாபாரம். கவனிக்காத நேரம் பார்த்து ஏற்றுவதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சட்டத்தில் இது குற்றமில்லை, தெரியும். எடையை அச்சடித்துவிட்டால் போதும். ஆனால் எங்கள் வங்கியில் ஒருவர் சட்டப்படி எல்லாக் காகிதமும் சரியாகக் கொடுத்தும், "இவர் ஆள் சரியில்லை" என்று கடனை மறுத்த மேனேஜர்கள் உண்டு. அவர்கள் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மூன்றாவது, "எல்லாக் கம்பெனியும் பண்ணுது." பிஸ்கட் கம்பெனி பண்ணுகிறது, சோப்புக் கம்பெனி பண்ணுகிறது, உண்மை. ஆனால் 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டுக்கு ஒரு காரணம் உண்டு. வாங்குகிறவன் கையில் இருப்பது ஒரு 5 ரூபாய் நாணயம். அதை 5 ரூபாய் 40 காசு என்று விற்க முடியாது. அங்கே எடையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி குறைவு. 60 ரூபாய் மிக்சருக்கு அந்தக் கட்டாயம் எங்கே? கடையில் பாதிப் பேர் செல்போனில் ஸ்கேன் செய்துதான் காசு கொடுக்கிறார்கள். 63 ரூபாய் என்றாலும் அனுப்பலாம், 67 ரூபாய் என்றாலும் அனுப்பலாம். ஏழைக்காகப் பிறந்த ஒரு வழக்கத்தைப் பைபாஸ் ஏ.சி. கடைக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

நான்காவதாக, அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். அது கிளை. ஏ.சி. கடைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, விளக்கு, யூனிஃபார்ம், மால் கடைக்கு இன்னும் அதிகம். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது? பழைய சந்துக் கடையில் மிக்சர் வாங்குகிற என் பாக்கெட்டிலிருந்து குறைந்த 30 கிராமிலிருந்து வருகிறது. என் சர்வீசில் மூடிப்போன பல நல்ல கடைகளின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். சரக்கு விற்காமல் மூடியவை சில. வேகமாகக் கிளை திறந்து, கையிலிருந்த காசையெல்லாம் அட்வான்ஸிலும் அலங்காரத்திலும் முடக்கி, கடலை மாவுக்காரருக்குக் கொடுக்கக் காசில்லாமல் மூடியவை நிறைய. முதலில் மாவுக்காரர் கடன் நிறுத்துவார். பிறகு மட்டமான மாவு வரும். பிறகு எண்ணெயை இன்னொரு நாள் ஓட்டுவார்கள். இது ஒரே வரிசையில் வரும், மாறாது.

எண்ணெய் பற்றிச் சொன்னதால் ஒரு தகவல். பொரிக்கும் எண்ணெய் கெட்டுப்போவதை அளக்க ஓர் அளவு இருக்கிறது. 'டோட்டல் போலார் காம்பவுண்ட்ஸ்' என்பார்கள். அது 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2018 ஜூலையிலிருந்து கட்டாயமாக்கியிருக்கிறது. அதை அளக்கக் கையடக்கக் கருவியும் உண்டு. நம் கடையின் மத்திய சமையல்கூடத்தில் அது இருக்கிறதா என்று கேட்டேன். "ஆடிட்டுக்கு வருவாங்க சார்" என்றார். கருவி இருக்கிறதா என்பதற்குப் பதில் வரவில்லை. பெரியவரிடம் கருவி இல்லை, நாக்கு இருந்தது.

வளர்வதே தப்பு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். பிகானேரில் 1937-ல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கிய ஹல்திராம்ஸ் இன்று உலகம் முழுக்க புஜியா விற்கிறது. கோயம்புத்தூரில் 1948-ல் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸின் மைசூர்பா வெளிநாட்டு விமானங்களில் பெட்டி பெட்டியாகப் போகிறது. வளரலாம். வளராமலும் இருக்கலாம். நம் ஊரிலேயே நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை அல்வா சாயங்காலம் மட்டும் விற்றுப் பெயர் வாங்கவில்லையா? கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அதற்கும் முன்பே. இதெல்லாம் ஊர் பெயரால் வாழும் பண்டங்கள். ஒரு ஊரின் பெயரை விற்றுச் சாப்பிடுகிறவருக்கு அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு கடமை இருக்கிறது என்பதுதான் என் வாதம்.

காலை நடையில் இதைச் சொன்னேன். என்னோடு நடக்கும் நண்பர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கோபித்துக்கொண்டார். "ஊர்ப் பையன் நூறு பேருக்கு வேலை கொடுக்கான். வடக்கே இருந்து வர்ற பெரிய கம்பெனிக்காரனை விட்டுட்டு இவனைப் புடிச்சுக்கிட்டேரு. 30 கிராம் மிக்சர்ல நீரு செத்தா போயிருவேரு?" என்றார்.

நியாயமான கேள்விதான். 30 கிராமில் நான் சாக மாட்டேன். டாக்டர் என்னை மிக்சரே சாப்பிடக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த நூறு பேருக்காகத்தான் நான் பேசுகிறேன். வடக்கத்திப் பெரிய கம்பெனியோடு இவர் விளம்பரத்தில் போட்டி போட முடியாது, மெஷினில் முடியாது, வட்டியில் முடியாது. இவரிடம் இருப்பது ஒரே ஒரு முதல்: "அந்தக் கடையில ஏமாத்த மாட்டாங்க" என்று மூன்று தலைமுறை சொல்லி வந்த வார்த்தை. பேலன்ஸ் ஷீட்டில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. அது போய்விட்டால் இவர் கடையும் இன்னொரு பாக்கெட் மிக்சர்தான். அப்புறம் முதலில் வீட்டுக்குப் போவது எம்.பி.ஏ. இல்லை. கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள்தான் போவார்கள். ஏற்கெனவே மெஷின் வந்து பாதிப் பேர் போய்விட்டார்கள்.

நம் பக்கத் தப்பையும் சொல்லிவிட வேண்டும். இந்த வழியை மகனுக்குக் காட்டிக் கொடுத்ததே நாம்தான். 2 ரூபாய் ஏறினால் கடையில் நின்று சண்டை போடுகிறோம். 20 கிராம் குறைந்தால் வாயைத் திறப்பதில்லை. நேராகச் சொல்கிறவனைத் திட்டி, மறைக்கிறவனிடம் சிரித்துக்கொண்டு வாங்கி வருகிறோம். பிறகு அவன் ஏன் நேராகச் சொல்லப் போகிறான்? நானே இரண்டு வருஷம் கவனிக்கவில்லை. தங்கை சொல்லியிருக்காவிட்டால் இன்னும் கவனித்திருக்க மாட்டேன்.

ஆகவே நம் வயதுக்காரர்கள் செய்யக்கூடியது சில உண்டு. நமக்கு நேரம் இருக்கிறது, கணக்கு தெரியும், வெட்கமும் போய்விட்டது.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் இன்னொரு விலை அச்சாகிறது. ஒரு கிராம் இத்தனை ரூபாய் என்று. சில வருஷங்களாக அது கட்டாயம். பொடி எழுத்துதான், பூதக்கண்ணாடி வேண்டும். 0.35 என்று இருந்தால் ஆயிரத்தால் பெருக்குங்கள், கிலோ 350. போன தடவை என்ன என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பாக்கெட்டின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை.

ஸ்வீட் வாங்கும்போது அட்டைப் பெட்டியோடு நிறுக்க விடாதீர்கள். அது சட்டப்படியே தப்பு. வீட்டில் நிறுத்துப் பார்த்தேன், ஒரு கிலோ பெட்டி காலியாக 90 கிராம். கிலோ 800 ரூபாய் இனிப்பு என்றால் அட்டைக்கு மட்டும் 72 ரூபாய். போன தீபாவளிக்கு ஒரு கிளையில் அப்படித்தான் நிறுத்தார்கள். "தம்பி, பெட்டியை வச்சு முதல்ல சைபர் பண்ணு" என்றேன். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் செய்தான். எனக்குப் பின்னால் நின்ற அம்மாவும் அதையே கேட்டார்கள். அதற்கு அடுத்தவரும்.

மூன்றாவது, நேராக விலை ஏற்றுகிற கடைக்காரரைத் திட்டாதீர்கள். இது முக்கியம். காரணம் கேளுங்கள், சரியாக இருந்தால் வாங்குங்கள்.

மகனுக்கும் மூன்று கோரிக்கை. எந்த எண்ணெய் என்று கடையில் பெரிதாக எழுதி வையுங்கள். எடை மாறினால் "முன்பு 200, இப்போது 170" என்று மூன்று மாதமாவது பாக்கெட்டின் முன்பக்கத்தில் போடுங்கள். வரி குறைந்தால் நமக்கும் கொடுங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை.

அவரிடமிருந்து எழுந்து வரும்போது சுவரைப் பார்த்தேன். பெரியவரின் அந்தப் பழைய சிலேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, விளக்கு வைத்து, வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எழுத்து எதுவும் இல்லை, துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள்.

தம்பி, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று தெரியும். அந்தச் சட்டத்தைக் கழற்று. ஒரு சாக்பீஸ் எடுத்து, "மிக்சர் 200 கிராம், இன்று முதல் 70 ரூபாய்" என்று எழுது. முதல் பாக்கெட்டை நான் வந்து வாங்குகிறேன். ஹெட்மாஸ்டரையும் கூட்டி வருகிறேன்.